நுரை காயும் நேரம்

இரண்டாயிரத்து நானூற்று அறுபது வெள்ளி. சிங்கப்பூர் ஜூரோங் பட்டறையில் வெல்டிங் மெஷின் கருகியதற்கு அருளப்பன்தான் காரணமென்று, ஒரு வார்த்தை விசாரிக்காமல் முதலாளி பிடித்துவைத்த சம்பளம். அது கைக்கு வரும்வரை தாடி எடுப்பதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டுதான் அவன் வழக்குப் போட்டான். இன்றைக்குள் கட்டச் சொல்லித் தீர்ப்பு. அவசரக்காரன், காலையிலேயே தேக்காவில் பரமசிவம் அண்ணன் சலூன் நாற்காலியில் சாய்ந்திருக்கிறான். தாடியெல்லாம் சோப்பு நுரை. பவுடர் டப்பாமேல் சாய்ந்து நிற்கிறது போன். அதில் பட்ட வெயில் கூரையில் துள்ளுகிறது. “பணம் ஏறட்டும்ணே, அப்புறம் கத்தி வைங்க.” “நுரை ரெண்டு தடவ காஞ்சிருச்சு தம்பி. மூணாவதுக்குத் தனிக்காசு லா!” காத்திருக்கும் பெஞ்சே சிரிக்கிறது. போன் கிணுங்குகிறது. பெஞ்சு மொத்தமும் எழுந்து எட்டிப் பார்க்கிறது. டாப்-அப் சலுகையாம். “சே!” என்று உட்காருவதற்குள் மறுபடி கிணுங்கல். அருளப்பன் கண்ணை இடுக்கி, உதட்டை அசைத்து, எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கிறான். நுரைக்குள்ளிருந்து பல் தெரிகிறது. “என்னடா, வந்துருச்சா?” “ஒரு வெள்ளிகூடக் குறையலண்ணே.” கண்ணை மூடிக்கொண்டு, மோவாயை நன்றாக உயர்த்திக் கொடுக்கிறான். சரக்கென்று தாடியில் இறங்குகிறது கத்தி.