காயாத வெள்ளை

வெட்டக்கூடாத மரங்களைச் சுற்றி வெள்ளை வளையம் பூசுவதற்காகப் பாடசாலையில் எங்களை ஹந்தானைக் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். கண்டது அட்டைக்கடிதான். எங்கள் ஊர் கெலிஓயாவுக்குத் திரும்பினால், போன மாரியில் மாட்டு வண்டியில் வந்திறங்கி எங்கள் மரக்காலையில் விற்பனைக்குக் கிடந்த பலாக் குற்றிகள் எல்லாவற்றிலும் அதே வளையம்.

“மரம் வித்துத்தானே ஒனக்குச் சோறு போடுறேன்! இங்கயும் பூசினயா?” என்று வாப்பா பாய்ந்தார்.

“இல்ல வாப்பா, நான் இப்பதானே வாறேன்!”

அவர் நம்பவில்லை. மண்ணெண்ணெயும் தேங்காய்ச் சிரட்டையும் தந்து சுரண்டச் சொன்னார். கைத்தோல் உரியச் சுரண்டினேன். ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போனால் முதல் குற்றியில் மறுபடி வளையம். ஆத்திரத்தில் சிரட்டையை விட்டெறிந்தேன்.

வாப்பாவும் பொறுமை இழந்தார். மர அறுப்புக்காரர் கருப்பண்ணனையும் அவர் தம்பியையும் கூப்பிட்டார். “வளையம் இருக்கிற துண்ட அறுத்து வீசுங்க!”

அறுத்த துண்டு உருண்டு போனது. குற்றியின் உள்ளே, மஞ்சள் மரத்தில், வட்டமாக வெள்ளை. வாப்பா தொட்டார். விரலில் ஈரமாக ஒட்டியது.

“இதுக்கு என்ன அர்த்தம் எண்டு சொல்லித் தந்தாங்க, மகன்?”

நான் வாய் திறக்குமுன் கருப்பண்ணன் மரம் அறுக்கும் வாளைக் கீழே வைத்துவிட்டார்.