படத்துக்கு வந்த ரம்பம்

புயல் வருகிறது என்றதும் நெடுஞ்சாலைத் துறைக் கொட்டகையில் கிடந்த பெட்ரோல் ரம்பத்தைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மேசைமேல் வைத்தார்கள். மேசைக்குக் கீழே துருப்பிடித்த அரிவாள் ஒன்று கிடந்தது.

"உன்னை யாருமே துடைக்கலையா?" என்றது ரம்பம்.

"என்னைப் படம் எடுக்க மாட்டாங்க."

அதிகாரி வந்தார். ரம்பத்தைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். "எல்லாம் ரெடி" என்று மேலே செய்தி அனுப்பினார். ரம்பத்தை அறையில் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

"பெட்ரோல் ஊத்தவே இல்லையே!" என்று உள்ளேயிருந்து கத்தியது ரம்பம்.

மறுநாள் காலை சாலையின் குறுக்கே புளியமரம் சாய்ந்தது. அதற்கு அப்பால் ஆம்புலன்ஸ்; உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். சாலைப் பணியாளர் சன்னாசி அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினார். நாலு மணி நேரம் வெட்டினார். வழி கிடைத்தபோது, ஆம்புலன்ஸ் சைரன் போடாமல், வந்த வழியே மெதுவாகத் திரும்பிப் போனது.

மாலையில் ரம்பத்தை வெளியே எடுத்தார்கள்.

"இப்ப எதுக்கு?" என்றது ரம்பம்.

"அந்த மரத்துப் பக்கத்துல வச்சுப் படம் எடுக்கணுமாம்," என்றது அரிவாள்.

"இப்பவாவது பெட்ரோல் ஊத்துவாங்களா?"

"எதுக்கு? மரத்தைத்தான் வெட்டியாச்சே."