கடைசி வரி

ஆலையின் முதியோர் கல்வி வகுப்பைப் பார்வையிட தொழிலாளர் துறை அதிகாரி வந்திருந்தார். மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் ஆரம்பிச்ச வகுப்பு சார். ரெண்டு வருஷம் முன்னாடி இந்தம்மா கைநாட்டு. ஏதாவது வாசிச்சுக் காட்டுங்கம்மா."

கூட்டிப் பெருக்கும் அந்தப் பெண் எழுந்து, இடுப்பில் செருகியிருந்த தாளைப் பிரித்தாள்.

"என் கணவர் குடித்துவிட்டு வந்து மெஷினில் சிக்கி இறந்தார். ஆலைமேல் தவறில்லை. இப்படிக்கு, மனைவி."

மேனேஜர் குறுக்கிட்டார். "போதும்மா, உக்காருங்க."

அவள் அதிகாரியைப் பார்த்தாள். "அவர் குடிச்சதே இல்லை சார். பிணத்தை வாங்கணும்னா கைநாட்டு வைன்னாங்க. வெச்சேன். படிக்கத் தெரியாதவதானேன்னு நகலையும் குடுத்தாங்க. அதைப் படிக்கத்தான் இங்க சேர்ந்தேன்."

"அதான் போதும்னேனே."

"இன்னும் ஒரு வரி இருக்கு சார்."

விரலைக் கீழே நகர்த்தினாள். "சாட்சி..." என்று நிறுத்தி, மேனேஜரின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள், அவசரமே இல்லாமல்.