பெட்டியைப் பிரித்த குற்றம்

"பெட்டியைப் பிரிச்சது யாரு?"

தங்கை வீட்டுக்கு வந்திருந்த மாமா போட்ட சத்தத்தில் குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது. தங்கையின் ஏழு வயது மகள் எட்டிப் பார்த்தாள். ஈரக் கையில் கவச வீரன் பொம்மை. அதன் தலை கொள்ளாமல் சோப்பு நுரை.

"நான்தான் மாமா. பிரிக்காம எப்படி விளையாடறது?"

நியாயமான கேள்விதான். மாமாவின் காதில்தான் அது ஏறவில்லை.

மாமா அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். நாள் முழுக்க ஊராரின் அச்சுப்பிழையைப் பொறுக்கி எடுக்கும் மனிதருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு: பொம்மை சேர்ப்பது. போன மாதம் இதே மாதிரி கவச வீரன் ஒன்றை வாங்குவதற்காக ஸ்கூட்டரை விற்றார். அன்று முதல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார். "ரெண்டு வருஷத்துல நாலு மடங்கு விலை போகும், காரே வாங்கலாம்" என்று மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். அந்தப் பெட்டி அவர் வீட்டுப் பீரோவின் மேல்தட்டில் சீல் பிரியாமல் இருக்கிறது. அதன் பக்கம் திரும்பித் தும்மக்கூட வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.

தங்கை சமையலறையிலிருந்து வந்தாள். "ஏன்ணா, ஒரு பொம்மைக்குப் போயி குழந்தையை இப்படி மிரட்டறே?"

"ஒரு பொம்மையா? உலகத்துக்கே இருநூறுதான். இருநூறு வார்த்ததும் அச்சையே உடைச்சுட்டான் கம்பெனிக்காரன். அதனாலதான் அந்த விலை. சீலைப் பிரிச்சா மதிப்புப் போயிடும்னு பெட்டி மேலேயே கொட்டை எழுத்துல போட்டிருக்கான். நீங்க அதைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீங்க."

தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேப்பரை மடித்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அப்படி ஒண்ணும் பெரிய விலை இல்லியே மச்சான். பாதி விலைன்னு எழுதி வெச்சிருந்தான், எடுத்துட்டு வந்தேன்."

மாமாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"பாதி விலையா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! அந்தக் கடைக்காரனைச் சொல்றேன் மாப்ள, உங்களை இல்ல. தவம் கிடந்து வாங்கறவன் முழு விலை குடுக்கணும், ஒண்ணும் தெரியாதவங்களுக்குப் பாதி விலை. எந்த ஊர் நியாயம் இது?"

சொல்லிக்கொண்டே பொம்மையைப் பிடுங்கினார். சேதாரம் எவ்வளவு என்று பார்க்க, சட்டை நுனியால் நுரையைத் துடைத்துத் திருப்பினார். இடது காலின் அடியில் மூன்று இலக்கங்கள். 001.

மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணா? உடம்புக்கு என்ன?"

"ஒவ்வொரு பொம்மைக்கும் காலடியில வரிசை எண் அடிச்சிருப்பான். என்னோடது நூத்திச் சொச்சமா இருக்கும், பிரிச்சாத்தானே தெரியும். இது முதல் எண், தங்கச்சி. முதன்முதலா வார்த்தது. பிரிச்சாலும் பத்து மடங்கு போகும். இதைப் போயி சோப்புத் தண்ணியில..." கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

மாமா ஒரு முடிவோடு நிமிர்ந்தார். "அப்போ இதை நான் எடுத்துட்டுப் போறேன். இவளுக்கு நல்லதா வேற ஒண்ணு வாங்கித் தர்றேன்."

"எனக்கு வேற வேண்டாம். இதே வீரன்தான் வேணும்." குழந்தையின் உதடு பிதுங்கத் தொடங்கியது.

"அவளை அழ வெச்சுட்டுப் போகாதேண்ணா," என்றாள் தங்கை. "இதே மாதிரி ஒண்ணைக் கொண்டாந்து குடு, அப்புறம் இதைத் தாராளமா எடுத்துட்டுப் போ."

இதே மாதிரி அவருக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது, அவர் வீட்டுப் பீரோவில். பஸ் நிறுத்தம் வரை மாமா மனக்கணக்குப் போட்டார். நூத்திச் சொச்சம் எங்கே, முதல் எண் எங்கே? விவரம் தெரியாத வீட்டில் அது இன்னும் ஒரு வாரம் இருந்தால் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும். காப்பாற்ற வேண்டியது தன் கடமை என்ற முடிவுக்கு வந்தார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் பெட்டியைப் பச்சைக் குழந்தைபோல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார்.

"இந்தா, கண்ணு. நான் போனதுக்கு அப்புறம் பிரி. என்னால பார்க்க முடியாது."

குழந்தை எங்கே காத்திருக்கும்? சீல் கிழியும் சத்தம் கேட்டதும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதிலுக்குக் கைமாறி மடிக்கு வந்திருந்த முதல் எண்ணை ஒருமுறை தடவிப் பார்த்துத் தேறுதல் அடைந்தார்.

குழந்தை, மாமா செய்தது போலவே புது வீரனைச் சட்டை நுனியால் துடைத்து, தலைகீழாகத் திருப்பினாள்.

"மாமா, இதுலயும் அதே சைபர் சைபர் ஒண்ணுதான் இருக்கு."

மாமா பிடுங்கிப் பார்த்தார். இரண்டு காலடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இருபது வருஷமாகப் புரூஃப் பார்த்த கண் ஒரு புள்ளி வித்தியாசத்தைத் தேடியது, கிடைக்கவில்லை.

தங்கையின் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சீலைப் பிரிக்கவே கூடாதுன்னு உங்களுக்கு யாரு மச்சான் சொன்னது?"

"கம்பெனிக்காரன்தான்," என்றார் மாமா.