பன்னிரண்டாம் தவளை

இன்ஸ்பெக்டர் கருணாகரன் தகரப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். காய்ந்த இலைகள்தான் தெரிந்தன.

"இதுல தவள எங்க?"

என் வீட்டுக்காரர் குச்சியால் தொட்டார். இலைகளில் ஒன்று கண் திறந்தது. கண்ணுக்கு மேலே கொம்பு, மூக்கிலும் ஒரு கொம்பு. இன்ஸ்பெக்டர் ஓரடி பின்வாங்கினார்.

இந்தக் கண்றாவிக்காக மூன்று மாதமாய், ஞாயிறு தவறாமல், லேடாங் மலைக்குப் போகிறார் இவர். பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியார். கொம்பையும் முதுகு மடிப்பையும் அளந்து, இலைத்தவளை ஒரே இனமா, இரண்டா என்று பிரித்து எழுதப் போகிறாராம். அளந்ததைக் காட்டில் விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவருவார். நோட்டில் பன்னிரண்டு தவளைகள் ஏறிவிட்டன. இதற்குத் தீனி வேறு போடச் சொன்னார். போங்கள் ஐயா என்றுவிட்டேன்.

எங்கள் ஊர் காஜா பெராங் முழுக்க மெர்டேக்கா, சுதந்திரம் என்றே பேச்சு. மலைப்பக்கமோ இன்னும் துப்பாக்கிக் காவல். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் ஜெயில்தான்.

எங்கள் அரிசி டின்னும் சனிக்கிழமையானால் இறங்கிவிடுகிறது. எலி என்றார். எலியாவது, புலியாவது! மலையடியில் எவளையோ வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டியிருந்தேன். கேட்கவில்லை. என் தம்பி தியாகு வீட்டைவிட்டுப் போன நான்கு வருடமாய் எங்களுக்குள் பேச்சே குறைவு. அவன் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றியவர் இவர்தானே.

"அம்மா, நீங்க சொல்லுங்க. வாராவாரம் வேற வேற தவளதானா?" இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

குனிந்து பார்த்தேன். வலது பின்காலில் ஒரு விரல் இல்லை. முதல் வாரம் வந்ததற்கும் அதே விரல் இல்லை. இலைக்கடியில் இரண்டு அரிசி மணிகள் ஒட்டியிருந்தன.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. அரிசி அவளுக்குத்தான் போகிறது. ஆனாலும் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை.

"வேற வேறதான் சார். போன வாரத்ததுக்குக் கொம்பு நீளம். இது கொஞ்சம் கறுப்பு."

இன்ஸ்பெக்டர் தவளை நோட்டைப் புரட்டிப் பார்த்து, மூடிக் கொடுத்துவிட்டுப் போனார். ஜீப் சத்தம் தேய்ந்ததும் திரும்பினேன்.

"யாரவ?"

இவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தியாகு. காட்டுல காச்சல்ல எலும்பா கெடக்கான், சீதா."

அடுப்படிக்குப் போனேன். விறகுக்கடியில் துழாவி ஒரு கரப்பான்பூச்சியைப் பிடித்துவந்து தவளைக்கு முன்னால் போட்டேன்.

அது வாய் திறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.