முழங்கால் மடிக்கும் வண்டி

தாழ்வான கார்களை இப்போது எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. விலை மலிவானதும் சரி, கோடீஸ்வரர்கள் வாங்குவதும் சரி, எல்லாமே மலையேறப் பிறந்த உயரமான கிராஸ்ஓவர் கார்கள். கோயம்புத்தூரில் அவை ஏறுவதெல்லாம் வேகத்தடையில்தான்.

சிவஞானத்துக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. மகன் பிரபாகர் வாங்கிய காரில் அவரால் ஏற முடியவில்லை. ஒவ்வொரு முறை குடும்பம் கிளம்பும்போதும் பேத்தி சன்ரூஃப் வழியாகத் தலைநீட்டிக் கையசைப்பாள். அவர் வாசலில் நின்று கையசைப்பார். நான்கு வருடம் அப்படியே போயிற்று. நேற்று அவர் இறந்துபோனார்.

அவரை எடுத்துப்போக வந்த அமரர் ஊர்தியும் கிராஸ்ஓவர்தான். டிரைவர் பொத்தானை அழுத்தியதும், அது யானைபோல மெல்ல முழங்கால் மடித்துத் தரையோடு தாழ்ந்தது.

அழுதுகொண்டிருந்த சிவஞானத்தின் மனைவி ருக்மணி நிமிர்ந்தாள். "உசுரோட இருக்கறவங்களுக்கு இது குனியாதா தம்பி?"

"எல்லாருக்கும் குனியுமுங்கம்மா. கார் வாங்கறப்பவே கேப்பாங்க. சன்ரூஃப் வேண்டாம்னு சொன்னா, அதுக்குப் பதிலா இதை வெச்சுக் குடுத்துருவாங்க."

ருக்மணி மகனைப் பார்த்தாள். பிரபாகர் தெருவில் நின்ற தன் காரைப் பார்த்தான். அதன் சன்ரூஃப் கண்ணாடியில் வானம் பளபளத்துக்கொண்டிருந்தது.