பின்சக்கரத்துக்கு வேண்டிய கனம்

காலையிலிருந்து செல்லையா அடிக்கிற அடியில் அந்த ரங்கூன் தெருவில் ஒரு கைக்குழந்தையும் தூங்கவில்லை.

முதலாளி அய்யாசாமியின் காரில் பின்சக்கரத்துக் குடம் அச்சைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்கிறதாம். அதைக் கழற்றினால்தான் உள்ளே நைந்துபோன தோல் வளையத்தை மாற்ற முடியுமாம். மாற்றாவிட்டால் எண்ணெய் ஒழுகிப் பிரேக் பிடிக்காதாம்.

இத்தனை 'ஆம்'களையும் சொர்ணம்மாள் மாடி ஜன்னலிலிருந்தே சேகரித்திருந்தாள். கீரை ஆயத்தான் உட்கார்ந்தாள். கீரை கட்டுப் பிரிக்காமல் கிடந்தது.

சாயங்கால லாஞ்சில் முதலாளி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள சிரியத்திலிருந்து திரும்புகிறார். படித்துறையில் கார் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் மாரிச்சாமியின் வேலை போன வழியிலேயே செல்லையாவின் வேலையும் போய்விடும்.

மாரிச்சாமி முன்பிருந்த டிரைவர். வேலைக்காரர் வீட்டு ஆள் யாரும் காரில் ஏறக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். மாரிச்சாமி தன் மாமியாரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனது எப்படியோ முதலாளியின் காதுக்கு எட்டிவிட்டது.

அந்த 'எப்படியோ'தான் இதோ ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது.

அவள் கெட்டவள் இல்லை. சேதி வாயில் தங்காத உடல்வாகு, அவ்வளவுதான்.

மத்தியானம் சாய்ந்ததும் செல்லையா வியர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"சொர்ணக்கா, ஒரு ஒத்தாசை. நட்டைக் கொஞ்சம் தளர்த்திட்டு, பின்னால நல்ல கனமான ஆளா வச்சு, வளைச்சு வளைச்சு ஓட்டினா குடம் தானா விட்டுருமாம். இன்சீன் ரயில் பட்டறைக்காரங்க சொல்றாங்க."

கனமான ஆளாம். அதையும் தெருவே கேட்கச் சொல்கிறான். மீன்குழம்பும் சேமியாவுமாக மொய்ங்கா விற்கிற பர்மாக்காரிகூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொர்ணம்மாளை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

சொர்ணம்மாள் கோபப்படலாம் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள். ரங்கூனுக்கு வந்து தலையும் நரைத்தாயிற்று; இதுவரை ஒரு காரில் ஏறியதில்லை. ஏறக் கிடைத்த காரணத்தில் போய் மானம் பார்க்க முடியுமா?

அவள் உட்கார்ந்ததும் மெத்தை முனகியது. கார் அவள் பக்கமாகச் சாய்ந்தது.

செல்லையா தலையைச் சொறிந்தான். அந்தப் பக்கமும் யாராவது இருந்தால் நல்லது என்றான்.

வாசலில் தைலம்மாள் நின்றிருந்தாள். அவன் மனைவி. நாளைக்குக் கப்பலேறி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவள்.

"இவ ஏறட்டுமேடா. ரெண்டு உசிருக் கனம்!"

"முதலாளிக்குத் தெரிஞ்சா?"

"யாருடா போய்ச் சொல்லப் போறா?"

கேட்டவள் சொர்ணம்மாள். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவள் என்கிற மரியாதை.

வளைவு நிறைய வேண்டும் என்று செல்லையா ராயல் லேக் பக்கம் விட்டான். ஏரி வெயிலில் தகதகத்தது. அதற்கு அப்பால் பெரிய பகோடா பொன்னாக நின்றது. தைலம்மாள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இமைக்க மறந்து பார்த்தாள்.

சொர்ணம்மாளுக்கு ஏரியைப் பார்க்க ஏது நேரம்? தெரிந்தவர்கள் யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்ப்பதற்கே பொழுது போதவில்லை.

குடத்தை உலுக்கி எடுக்கவேண்டியவன், நெய்க்கிண்ணம் ஏந்திப் போகிறவனைப்போல ஓட்டினான். தன் வயசுக்குக் காட்டுகிற மதிப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினான். போதாது என்று இன்னொரு சுற்று.

"விட்டுருச்சுக்கா, சத்தம் கேட்டீங்களா?" என்றான் கடைசியில்.

அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

தெருவுக்குத் திரும்பியதும் தைலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். செல்லையா ஜாக்கியை வைத்துச் சக்கரத்தைத் தூக்கினான். நீங்கள் போய்ப் படுங்கள் அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

தன் உடம்பு சாதித்த காரியத்தைக் கண்ணால் பார்க்காமல் போவாளா? முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றாள். அவனும் நட்டைத் துடைத்தான், ஸ்பானரைத் துடைத்தான், துடைத்த துணியை உதறினான். அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் சக்கரத்தை உருவினான்.

குடம் வழுக்கிக்கொண்டு வந்தது.

உள்ளே தோல் வளையம் புத்தம் புதுசு. கிரீஸும் புதுசு, அழுக்குப்படாமல் மஞ்சளாக இருந்தது.

மாற்றவேண்டியதை மாற்றி, காலையிலேயே வேலையை முடித்திருக்கிறான். அதற்கப்புறம் தெரு கேட்க அடித்ததெல்லாம் வெறும் இரும்பை.

சொர்ணம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

கனம்தான் வேண்டுமென்றால் எதிரே அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் இல்லையா? கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்திருப்பார்கள். தன்னை எதற்குக் கூப்பிட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பயல் காரில் ஏற்ற நினைத்தது அவன் பெண்டாட்டியை. கூடவே ஏற்றவேண்டியிருந்தது இவள் உடம்பை அல்ல, வாயை.

மாடி ஏறினாள். இப்படியொரு சேதி அவள் ஆயுசில் கிடைத்ததில்லை.

சாயங்காலம் கார் வாசலில் வந்து நின்றது. முதலாளி இறங்கி, வழக்கம்போல ஜன்னலை அண்ணாந்தார்.

"என்ன சொர்ணம்மா, தெருவுல என்ன விசேஷம்?"

செல்லையா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றான். சாத்த மறந்துவிட்டான்.

"ஒண்ணுமில்லீங்க முதலாளி."

அய்யாசாமி ஒரு கணம் திகைத்தார். பிறகு நிஜமாகவே கவலைப்பட்டு, "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டார்.

"வாய்ப்புண்ணுங்க" என்றாள் சொர்ணம்மாள்.